பளபளப்பு சொல்லாத விஷயம்

“ஜாப் பளபளன்னுதானுங்கண்ணா இருக்குது, அப்புறம் எதுக்குங்க இன்சர்ட்டைத் திருப்பறது?”

கோவையில் கணபதிப் பக்கத்துக் கடைசல் பட்டறைகளில், ஹார்டனிங் ஆகி வந்த எஃகைக் கடைந்துகொண்டிருக்கும் எந்த சிஎன்சி லேத்தின் அருகே போய் நின்றாலும் இந்தக் கேள்வி காதில் விழாமல் போகாது. கேட்கிற தம்பிமார் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. அவர்கள் கண்ணால் கண்டதைச் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குள் குடியிருக்கிற நம்பிக்கை, அதாவது மேற்பரப்பு மினுங்குகிற வரைக்கும் டூல் நன்றாகத்தான் இருக்கிறது என்கிற நம்பிக்கை, எனக்கு நெடுநாளாக உறுத்தலாக இருந்து வருகிறது. நூற்பாலை ஒன்றிலிருந்து அண்மையில் என் மேஜைக்கு வந்து சேர்ந்த சில ரோலர்களைப் பார்த்த பிறகு அந்த உறுத்தல் கோபமாகவே முற்றிவிட்டது. அதனால்தான் இன்று எழுதுகிறேன். சற்று நீளமாகத்தான் வரும்.

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்காக முதலில் கொஞ்சம் பூர்வ கதை. (லேத்தில் நிற்பவர்கள் இதைத் தாண்டிப் போய்விடலாம்.) நாங்கள் ஈஎன்31 என்று சொல்வது பேரிங் செய்யும் எஃகு, அதில் நூற்றுக்கு ஒரு பங்கு கார்பனும், ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு வரை குரோமியமும் கலந்திருக்கும். அதைச் சுமார் 820 டிகிரிக்குக் காய்ச்சி, எண்ணெயில் அமிழ்த்தி, பிறகு 150-க்கும் 200-க்கும் இடைப்பட்ட டிகிரியில் டெம்பரிங் செய்தால், ராக்வெல் சி அளவில் 60-ஐத் தொடும் கடினம் வந்துவிடுகிறது. அரத்தை வைத்துத் தேய்த்தால் அரம் வழுக்கிக்கொண்டு போகும். இவ்வளவு கடினமான பொருளை இறுதி அளவுக்குக் கொண்டுவர வேண்டுமானால் கிரைண்டிங் ஒன்றே கதி என்றுதான் வெகுகாலம் எல்லோரும் இருந்தார்கள்.

(இந்த ராக்வெல் அளவே பேரிங்குக்காகப் பிறந்ததுதான் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம். அமெரிக்காவில் கனெக்டிகட் மாகாணத்துப் பேரிங் தொழிற்சாலை ஒன்றில், வளையங்களின் ஹார்டனிங் சரியாக அமைந்திருக்கிறதா என்று சட்டென்று பார்ப்பதற்காக, ராக்வெல் என்ற ஒரே பெயர் கொண்ட ஹ்யூ, ஸ்டான்லி என்னும் இருவர் 1914-இல் விண்ணப்பித்து, 1919-இல் உரிமை பெற்ற கருவி அது. இன்றைக்கும் நம் பட்டறை மூலையில் அதே தத்துவத்தில்தான் அது உட்கார்ந்திருக்கிறது.)

கிரைண்டிங்கின் ஏகபோகத்தை உடைத்தது சிபிஎன். 1957-இல் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் வென்டார்ஃப் என்ற விஞ்ஞானி, போரானும் நைட்ரஜனும் சேர்ந்த சேர்மத்தை அளவுகடந்த அழுத்தத்துக்கும் உஷ்ணத்துக்கும் உட்படுத்தி, கடினத்தில் வைரத்துக்கு அடுத்த ஸ்தானத்தில் நிற்கக்கூடிய ஒரு பொருளைப் படைத்தார். வைரமே இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பீர்கள். வைரம் என்பது கார்பனின் ஒரு ரூபம். இரும்போ, காய்ந்துவிட்டால் கார்பனைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும் சுபாவம் உடையது. ஆகவே எஃகைக் கடையும்போது எழுகிற உஷ்ணத்தில் வைரமுனை இரும்புக்குள் கரைந்து காணாமல் போய்விடும். சிபிஎன்னுக்கு அந்தப் பலவீனம் இல்லை. 60 ராக்வெல் எஃகை நிமிஷத்துக்கு 120 மீட்டர், 150 மீட்டர் வேகத்தில், கிரைண்டிங் யந்திரத்தின் பக்கமே போகாமல், லேத்திலேயே பினிஷிங் செய்துவிடலாம் என்ற நிலை இதனால் வந்தது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு; பலர் தவறாக வாங்கிவிடுவது இங்கேதான். சிபிஎன் அதிகமாக இருந்தால், ஹோல்டரில் மாட்டுகிற வெட்டுமுனையான இன்சர்ட் நெடுநாள் உழைக்கும் என்றுதானே யாருக்கும் தோன்றும்? தொடர்ச்சியான பினிஷிங் வெட்டில் அது அப்படியில்லை. நூற்றுக்கு 90 பங்கு சிபிஎன் அடைத்த இன்சர்ட்டைவிட, ஐம்பது அறுபது பங்கு மட்டும் சிபிஎன் வைத்து மிச்சத்தை டைட்டேனியம் நைட்ரைடு போன்ற பீங்கான் வகைப் பொருளால் பிணைத்த இன்சர்ட்டே கடின எஃகில் அதிக நேரம் நிற்கிறது. பரப்பையும் நன்றாக விடுகிறது. அந்தப் பிணைப்புப் பொருள் காய்ந்த எஃகோடு ரசாயன உறவு கொள்ளாமல் ஒதுங்கி நிற்பதும், உஷ்ணத்தை இன்சர்ட்டுக்குள் அதிகமாகக் கடத்தாமல் வெட்டுமிடத்திலேயே தங்கவிட்டு எஃகை இளக வைப்பதும் அதற்குக் காரணங்கள். சாவிக்காடி குறுக்கே வந்து முனையை அடித்துக்கொண்டே இருக்கும் இடைவெட்டு ஜாபுக்கு நிலைமை வேறு. அங்கே தாக்குப்பிடிக்கிற வலிமை அவசியமாதலால் சிபிஎன் கூடுதலாக உள்ள ரகத்தைத் தேடவேண்டியதுதான்.

இனிப் பளபளப்புக்கு வருவோம்.

லேத்தில் கடைந்த பரப்பு எவ்வளவு வழவழப்பாக வரும் என்பதை ஜாபை மாட்டுவதற்கு முன்பே காகிதத்தில் கணக்கிட்டுவிடலாம். ஒரு சுற்றுக்கு டூல் நகரும் ஃபீடை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை, முனை வளைவின் ஆரமாகிய நோஸ் ரேடியஸின் எட்டு மடங்கால் வகுத்தால், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே இருக்கவேண்டிய உயரம் கிடைக்கும். 0.8 ரேடியஸும் 0.1 ஃபீடும் வைத்தால் சுமார் 1.6 மைக்ரான், டிராயிங்கில் எழுதுகிற ஆர்ஏ என்னும் சராசரிக் கரட்டுக் கணக்கில் அது ஏறத்தாழ 0.4. ஃபீடைப் பாதியாக்கினால் கரடு நாலில் ஒரு பங்காகிவிடும். அழகான கணக்கு, நானும் நித்தியம் உபயோகிக்கிறேன். ஆனால் இந்தக் கணக்கு ஒரு நிபந்தனையின் பேரில் நிற்கிறது: முனை, கம்பெனி தீட்டிக் கொடுத்த உருவத்திலேயே இருக்கவேண்டும்.

முனை அப்படியே இருப்பதில்லை. ஜாபைத் தொடுகிற அதன் முன்முகத்தில் ஒரு சின்னப் பட்டை தேய்ந்துகொண்டே வருகிறது. பட்டறை பாஷையில் ஃபிளாங்க் வேர். மேல்முகத்தில், சுருள் உராய்ந்துகொண்டு போகும் வழியில், ஒரு குழி விழுகிறது. அந்தக் குழி விளிம்பை நோக்கி வளர்ந்து வரும்போது, விளிம்பு தாங்க ஆளில்லாத சுவராகி ஒரு க்ஷணத்தில் உதிர்ந்துவிடுவதும் உண்டு. இவையெல்லாம் பரப்பைக் கெடுக்கும் என்பதுதான் நியாயமான எதிர்பார்ப்பு. சூக்ஷ்மம் என்னவென்றால், ஃபிளாங்க் வேர் ஓரளவு வளர்ந்ததும், தேய்ந்த அந்தத் தட்டைப் பட்டை ஜாபின் மேடுகளை அழுத்தி வழித்து விடுவதால், ஆர்ஏ அளவு பல வேளைகளில் கூடுவதற்குப் பதிலாகக் குறைந்தே காட்டுகிறது. புது முனையில் 0.4 காட்டிய, கரடு அளக்கும் கருவி, தேய்ந்த முனையில் 0.3 காட்டும். கண்ணுக்கும் முன்னைவிட மினுமினுப்பு. தம்பி கேட்கிற கேள்வி இங்கிருந்துதான் பிறக்கிறது. அவனுடைய கருவியும் அவனுக்குச் சாதகமாகவே சாட்சி சொல்கிறது!

அந்தக் கருவி என்ன பார்க்கிறது என்பதையும் யோசிக்கவேண்டும். மைக்ரான் கணக்கில் கூரான ஒரு வைர ஊசி, வழக்கமாக 4 மில்லிமீட்டர் தூரம் நகர்ந்து, வழியிலுள்ள மேடுபள்ளங்களுக்கு ஒரு சராசரி சொல்கிறது. மேட்டின் உயரத்தைத் தவிர அதற்கு வேறெதுவும் தெரியாது. அந்த மேட்டுக்கு அடியில் எஃகுக்கு என்ன நேர்ந்தது என்று அதனிடம் கேட்பதே முறையல்ல.

சரி, அந்த ரோலர்கள்.

நூற்பாலையில் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கும் நண்பர் ஒருவர் ஒரு துணிப்பையில் அவற்றைப் போட்டுக்கொண்டு வந்தார். கேம் மேல் உருளும் ரோலர்கள், ஐம்பது மில்லிமீட்டர் வெளிவிட்டம், ஈஎன்31. வேறொரு பட்டறையில் கடைந்தவை. எதிர்பார்த்த ஆயுளில் சிறு பங்குகூட ஓடாமல், உருளும் தடத்தில் பொரிப் பொரியாகப் பெயர்ந்து, செதில் செதிலாக உதிர்ந்திருந்தன. “மெட்டீரியல் மோசம்னு சொல்றாங்க, ஹார்டனிங் சரியில்லைன்னும் சொல்றாங்க, நீங்கதான் ஒரு முடிவு சொல்லோணும்” என்றார். கேம் தொடாத ஓரத்தில் கருவியை வைத்துப் பார்த்தேன்: ஆர்ஏ 0.3. டிராயிங் கேட்டது 0.4. கடினம் 60. விட்டம் அளவுக்குள். காகிதத்தில் குற்றம் சொல்ல ஒன்றுமேயில்லை.

ஒரு ரோலரைக் குறுக்கே அறுத்தோம். (வயர்கட்டில் அறுக்கக்கூடாது, நாம் தேடப்போகிற சமாசாரத்தை வயர்கட் தானே உண்டாக்கிவிடும். நிறையத் தண்ணீர் விட்டு, மெல்லிய சக்கரத்தில், அவசரமில்லாமல் அறுக்கவேண்டும்.) துண்டைப் பேக்கலைட்டில் பதித்து, கண்ணாடிப் பரப்பாக மெருகேற்றி, ஸ்பிரிட்டில் நூற்றுக்கு இரண்டு பங்கு நைட்ரிக் அமிலம் கலந்த திரவத்தைச் சில விநாடிகள் படவிட்டு, கழுவி, காற்றடித்து, மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தோம். உட்பகுதி முழுவதும் அமிலம் பிடித்துச் சாம்பல் நிறமாகக் கிடந்தது. வெளிவிளிம்பில் மட்டும், அமிலத்துக்கு இடமே கொடுக்காமல், ஒரு வெள்ளைக் கோடு. கனம் நாலைந்து மைக்ரான் இருக்கும். அதற்கு நேர் கீழே, உட்பகுதியைவிடவும் கறுத்த ஒரு பட்டை. வெள்ளைக் கோட்டில் மயிரிழைபோலச் சில விரிசல்கள் குறுக்கே ஓடியிருந்தன. ஓரிடத்தில் ஒரு விரிசல் கீழ்நோக்கி இறங்கி, பக்கவாட்டில் திரும்பி, ஒரு செதில் கிளம்புகிற நிலையில் நின்றிருந்தது. என் பக்கத்தில் நின்ற செட்டர் தம்பி வெகுநேரம் கண்ணை எடுக்கவே இல்லை.

நடந்தது இதுதான். தேய்ந்த பட்டை ஜாபின் மேல் உராயும்போது எழுகிற உஷ்ணம், எஃகின் வெகு மெல்லிய மேல்தோலை மட்டும் ஹார்டனிங் உலையின் உஷ்ணத்துக்கே கொண்டுபோய்விடுகிறது. முனை கடந்த மறுகணம், அடியிலிருக்கும் குளிர்ந்த எஃகு அந்த உஷ்ணத்தை உறிஞ்சிக்கொள்ள, தோல் மறுபடியும் திடீரென்று குளிர்ந்து உறைகிறது. டெம்பரிங் காணாத, கண்ணாடி போல நொறுங்கும் ஒரு புதுத்தோல். அதன் கீழே, உஷ்ணம் சற்றுக் குறைவாக ஏறிய இடம், அளவுக்கு மீறி டெம்பராகி மென்மைப்பட்டுப் போகிறது. (உஷ்ணம் இல்லாமல், அழுத்தத்தால் எஃகின் மணிகள் நசுங்கிப் பொடிவதாலும் இந்த வெள்ளைப் படலம் தோன்றும்.) அத்துடன், கூர்மையான முனை கடையும்போது பரப்பை உள்நோக்கி அமுக்கி இறுக்கி வைத்துவிட்டுப் போகிறதே, அந்த நல்ல இறுக்கம் போய், பரப்பை இழுத்துப் பிளக்கத் துடிக்கும் இழுவிசை வந்து உட்கார்ந்துகொள்கிறது. பாரம் ஏறி இறங்கி ஏறி இறங்கி உருளுகிற ரோலருக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. கிரைண்டிங்கிலும் சக்கரம் மழுங்கினால் இதே விபரீதம் நேரும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்; லேத்தை மட்டும் பழிப்பது என் நோக்கமல்ல. நல்ல முனையால் கடைந்த பரப்பு, கிரைண்டிங் பரப்புக்கு உழைப்பில் இளைத்ததல்ல என்பது என் திடமான அபிப்பிராயம்.

அப்படியானால் முனையை எப்போது திருப்புவது?

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி, யந்திரத்தின் திரையிலேயே இருக்கிறது; எவரும் அதைச் சாட்சியாகக் கருதுவதில்லை. முனை தேயத் தேய ஜாபின் விட்டம் மெல்ல மெல்லப் பெருக்கும். ஆபரேட்டர் மைக்ரோமீட்டரில் பார்த்து, இரண்டு மைக்ரான், மூன்று மைக்ரான் என்று யந்திரத்தில் ஆஃப்செட், அதாவது அளவுத் திருத்தம், கொடுத்துக்கொண்டே வருவார். அந்த ஆஃப்செட்டைக் கூட்டி வைத்தால் அதுவே தேய்மானக் கணக்கு. சாதாரண நெகடிவ் இன்சர்ட்டுக்கு ஹோல்டரில் கிடைக்கும் கிளியரன்ஸ் கோணம் 6 டிகிரி. ஃபிளாங்க் வேர் 0.1 மில்லிமீட்டர் அகலம் ஆகும்போது, முனை ஜாபிலிருந்து பின்வாங்குகிற தூரம் ஏறத்தாழ 10 மைக்ரான். விட்டத்தில் 20 மைக்ரான். ஆகவே, புது முனையில் தொடங்கி, யந்திரம் சூடேறி நிலைப்பட்ட பிறகு, கொடுத்த ஆஃப்செட் மொத்தம் விட்டத்தில் 20 மைக்ரானைத் தொட்டுவிட்டால், மைக்ராஸ்கோப் இல்லாத பட்டறையிலும் முனையின் நிலைமை தெரிந்துவிடுகிறது. டூல் ஆயுளைப் பரீட்சிக்கும் சர்வதேசத் தரம் 0.3 மில்லிமீட்டர் வரை சராசரித் தேய்மானத்தை அனுமதிக்கிறது. அது பரீட்சைக்கு வைத்த எல்லை. கடின எஃகில் பினிஷிங்குக்கு, அதுவும் உருளுகிற ஜாபுக்கு, 0.1-ஐத் தாண்டவே நான் விடுவதில்லை. இன்சர்ட்டின் விலையை எண்ணிச் சிலருக்கு மனம் பதைக்கும். அந்த விலையை ஒரு ரோலர் மாற்றுவதற்காக நின்றுபோகும் யந்திரத்தின் நஷ்டத்தோடு வைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது சாட்சி சுருள். நல்ல முனை கடின எஃகைக் கடையும்போது, உஷ்ணத்தில் பெரும்பங்கு சுருளோடு செக்கச்செவேலென்று வெளியே போய்விடுகிறது; ஜாபைக் கடைந்தவுடன் கையால் தொட முடியும். ஆறிய சுருளை எடுத்து விரலால் கசக்கினால் பொடிந்துவிடும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ரம்பப் பல்லைப்போல வரிசையாக வெட்டு வெட்டாக இருக்கும். ஜாப் கை வைக்க முடியாமல் கொதிக்கிறதா, உஷ்ணம் போகவேண்டிய திசையில் போகவில்லை. நான் புதுத் தம்பிகளிடம் முதலில் சொல்லித்தருவது இதைத்தான்: “பினிஷிங்கை அப்புறம் பாருப்பா, முதல்ல ஜாபைத் தொட்டுப் பாரு.”

கூலண்ட் பற்றி என் கொள்கை: தொடர் வெட்டில் விடுவதானால் தாராளமாக விடவேண்டும், இல்லையேல் அறவே வேண்டாம். சொட்டுச் சொட்டாக விடுவது முனையைக் காய்ச்சிக் காய்ச்சிக் குளிரவைத்து வெடிக்கச் செய்யும் வேலை. இடைவெட்டு ஜாபுக்குக் கூலண்டே கூடாது.

மூன்றாவது சாட்சி விசை. சாதாரணக் கடைசலில் முனையைக் கீழ்நோக்கி அமுக்கும் விசைதான் பெரிது. கடின எஃகில், நெகடிவ் கோணமும் தீட்டி மழுக்கிய விளிம்பும், கொஞ்சமே ஆன வெட்டு ஆழமும் சேர்ந்து, ஜாப் முனையைப் பின்னுக்குத் தள்ளும் விசையே பெரிதாகிவிடுகிறது. தேய்மானத்தோடு வேகமாக ஏறுவதும் அதுதான். ஒல்லியான ஷாஃப்ட் நடுவில் தடித்து வரும். போரிங் பார் கத்தத் தொடங்கும். யந்திரத்தில் லோடு மீட்டர் இருப்பவர்கள் அதைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள்.

முனை தேய்கிறதே என்று வெட்டு ஆழத்தைக் குறைத்துக்கொண்டே போகிறவர்களும் உண்டு. இரண்டு மைக்ரான், மூன்று மைக்ரான் வெட்டு! தீட்டி மழுக்கிய விளிம்புக்கு அவ்வளவு மெல்லியதைச் சீவியெடுக்க முடியாது. அது உழுகிறது, தேய்க்கிறது, சூடாக்குகிறது. 0.1 மில்லிமீட்டராவது கடைசி வெட்டுக்கு வைத்துவிடுங்கள்.

வேகத்தைப் பற்றி ஒரு பெரியவரின் பெயரைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. ஃபிரெடரிக் டெய்லர், 1880-இல் மிட்வேல் எஃகு ஆலையில் தொடங்கி, 26 வருஷம், 30,000-க்கு மேற்பட்ட பரிசோதனைகள் செய்து, எட்டு லட்சம் பவுண்டுக்கு மேல் இரும்பையும் எஃகையும் சுருளாக்கிய பிற்பாடு, 1906-இல் அமெரிக்க யந்திரப் பொறியாளர் சங்கத்தின் தலைவராக நின்று தம் முடிவுகளை வாசித்தார். வேகத்துக்கும் டூல் ஆயுளுக்கும் உள்ள உறவை ஒரே வரியில் அடக்கிய சூத்திரம் அங்கிருந்து வந்ததுதான். அவர் காலத்து டூலில், வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் ஆயுள் பாதிக்கும் கீழே போய்விடும். சிபிஎன் அவ்வளவு கோபக்காரன் அல்ல. ஆனாலும் விதி அதே விதிதான். தொழிலாளியை நடத்துவது பற்றி அவர் சொன்ன கருத்துகள் எனக்கு உடன்பாடல்ல. டூலைப் பற்றி அவர் பட்ட பிரயாசையின் முன்னால் தலைவணங்குகிறேன்.

ராக்வெல் எண்ணை மட்டும் பார்த்து ஆயுளை அனுமானிப்பதும் சரியல்ல. ஈஎன்31-ம் 60, ஹெச்சிஹெச்சிஆர் என்கிற டை எஃகும் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னதில் நூற்றுக்குப் 12 பங்கு குரோமியம். அது கார்பனோடு சேர்ந்து, சுற்றியுள்ள எஃகைப்போல இரண்டு மடங்கு கடினமுள்ள பெரிய பெரிய மணிகளாகப் பரவிக் கிடக்கிறது. ராக்வெல் கூம்பு எல்லாவற்றையும் சேர்த்து அமுக்கி ஒரே எண் சொல்லிவிடும். முனையோ ஒவ்வொரு மணியிலும் தனித்தனியே மோதியாகவேண்டும். இரண்டுக்கும் ஒரே ஆயுள் எழுதி வைத்திருக்கும் பட்டறைகளில் அந்த அட்டவணையை இன்றே இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

கிரைண்டிங்கையே கேட்டு நிற்கும் இடமும் ஒன்று உண்டு: ஆயில் சீல் உட்காரும் ஷாஃப்ட். கடைந்த பரப்பில், எவ்வளவு வழவழப்பானாலும், ஃபீட் தடம் ஒரு மெல்லிய மரை போலச் சுற்றிக்கொண்டு ஓடுகிறது. ஷாஃப்ட் சுழலும்போது அந்த மரை எண்ணெயைச் சீலின் அடியில் வெளியே இறைத்துவிடும். அங்கேயும் ஆர்ஏ 0.3 என்றுதான் கருவி சொல்லும்.

நூற்பாலை நண்பருக்கு நான் எழுதிக் கொடுத்தது இதுதான்: மெட்டீரியல் சரி, ஹார்டனிங் சரி, கடைசி முனை சரியில்லை. அடுத்த ஆர்டருக்கு அவருடைய டிராயிங்கில் ஆர்ஏ 0.4 என்ற வரிக்குக் கீழே இன்னும் இரண்டு வரி சேர்த்திருக்கிறோம்: பினிஷிங் முனையின் ஃபிளாங்க் வேர் 0.1 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. ஒவ்வொரு முனையும் கடைந்த கடைசி ரோலரை அறுத்து, அமிலம் இட்டுப் பார்த்து, வெள்ளைப் படலம் இல்லை என்று எழுதித் தரவேண்டும். கடைசி ரோலர் வீணாகிறதே என்று சப்ளையர் தரப்பில் கேட்டார்களாம். வேண்டுமானால் அதற்கும் சேர்த்தே விலை போட்டுக்கொள்ளட்டும் என்று சொல்லியனுப்பியிருக்கிறேன்.